வீட்டுக் கொல்லையும் மஹல்லாச் சந்தையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. பொதுக்குழுவின் வேண்டுகோளுக்கிணங்க இம்மலரில் வெளியிடப்படுகிறது.)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, கட்டட நிதி பற்றிய விவாதமும் ஒருவாறு முடிந்த பிறகு, இமாம் எழுந்து கீரையைப் பற்றியும் கத்தரிக்காயைப் பற்றியும் பேசப்போகிறார் என்று செயலாளர் அறிவித்தபோது சிலர் புன்னகைத்ததை நாம் கவனித்தோம். புன்னகை ஸுன்னத்தான செயலே. ஆயினும் சற்றுப் பொறுமையுடன் செவிசாய்க்குமாறு வேண்டுகிறோம்.

மதீனா நகரில் ஒரு மூதாட்டி இருந்தார். அவருடைய பெயரை அறிவிப்பாளர் குறிப்பிடவில்லை. தமக்கிருந்த சிறு விளைநிலத்தின் வாய்க்கால் ஓரத்தில் அவர் ஸில்க் என்னும் கீரையைப் பயிரிட்டு வந்தார். பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த கீரை அது. வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் அக்கீரையை வேரோடு பிடுங்கிச் சட்டியிலிட்டு, அதன்மேல் ஒரு கைப்பிடி வாற்கோதுமை மாவைத் தூவிச் சமைப்பார். இறைச்சியுமில்லை, கொழுப்புமில்லை. ஜும்ஆத் தொழுகையை முடித்துக்கொண்டு ஸஹாபாக்கள் அவர் இல்லத்திற்குச் செல்வார்கள், ஸலாம் சொல்வார்கள், அவர் அந்த உணவை எடுத்து வைப்பார். அந்த உணவின் பொருட்டே நாங்கள் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருப்போம் என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் நினைவுகூர்ந்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் ஜும்ஆ பற்றிய பாடத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. நாம் மதரஸாவில் அப்பாடத்தை ஓதிய காலத்தில், ஜும்ஆவுக்குப் பின்னரே பகலுணவு உண்டார்கள் என்னும் சட்டக் குறிப்பை மட்டும் குறித்துக்கொண்டு கடந்துவிட்டோம். அந்த மூதாட்டியின் வாய்க்காலோரக் கீரை நம் கண்ணில் படுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

இனி நம் மஹல்லாவிற்கு வருவோம். நம் ஊரின் பழைய வீடுகளில் கொல்லை இல்லாத வீடு கிடையாது. கிணற்றடியில் துவைக்கும் நீரும், அடுப்படியில் அரிசி களைந்த நீரும் வாய்க்காலாக ஓடி வாழையடியில் சேரும். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பந்தலில் அவரையோ புடலையோ, மதிலை ஒட்டி நான்கைந்து தென்னை. அவசரத்திற்கு விருந்தினர் வந்தால் கொல்லைக்குப் போனால் போதும், கடைத்தெருவுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறகு சபுராளிகளின் உழைப்பால் வீடுகள் உயர்ந்தன. அல்லாஹ் அவர்களின் பொருளில் பரக்கத் செய்வானாக! ஆனால் வீடு உயர்ந்த அதே வேகத்தில் கொல்லை சிமெண்டுத் தளமாயிற்று. மண் காலில் ஒட்டி வீட்டுக்குள் வருகிறதாம். சருகு கூட்ட ஆளில்லையாம்.

எஞ்சியிருந்த தென்னைகளை 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் சாய்த்தது. அந்த விடியலை இங்குள்ள எவரும் மறந்திருக்க இயலாது. பிள்ளையைப்போல் வளர்த்த மரங்கள் வேரோடு கிடந்ததைப் பார்த்து, வாய்விட்டு அழுத பெரியவர்களை நாம் தேற்றினோம். மரத்தை அப்புறப்படுத்திய பிறகு பலர் அந்த மனைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று அவற்றில் கருவை முளைத்துக் கிடக்கிறது.

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. பள்ளிவாசலின் கதவை மூட நேர்ந்த அந்த நாட்களின் துயரத்தை இங்கே விவரிக்கப்போவதில்லை. காய்கறியை மட்டும் சொல்வோம். நம் ஊரார் உண்ணும் காய்கறியில் பெரும்பகுதி ஒட்டன்சத்திரம் போன்ற தொலைதூரச் சந்தைகளிலிருந்து லாரியேறி வருவது. லாரி வராத நாட்களில் கையில் பணமிருந்தும் வாங்கக் காயில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையே நோய்த்தொற்றின் காரணமாக மூடப்பட்டது. பெருநகரத்தின் நிலையே அவ்வாறிருக்க, கடைக்கோடியிலுள்ள நமக்கு யார் கொண்டுவந்து தருவார்? அந்நாட்களில் நம் தெருவொன்றில் ஒரே ஒரு வீட்டு முருங்கைமரம் ஏறத்தாழ அத்தெரு முழுவதற்கும் கீரையும் காயும் தந்தது. அந்த வீட்டார் ஒரு கொத்துக்கும் காசு வாங்கவில்லை.

இவற்றையெல்லாம் கேட்டு, உடனே கன்றுகள் வாங்கி வழங்கிவிடலாம் என்று எவரும் எழுந்துவிட வேண்டாம். அதை நாம் ஒருமுறை செய்தாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஜமாஅத்தின் சார்பில் மரக்கன்று வழங்கும் விழா நடத்தினோம். யுகமுடிவே வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸை நாமே உருக்கமாக எடுத்துரைத்தோம். புகைப்படம் எடுக்கப்பட்டது, அவ்வாண்டு மலரிலும் அச்சாயிற்று. எத்தனை கன்றுகள் உயிர்பிழைத்தன என்று பின்னர் ஒருவரும் சென்று பார்க்கவில்லை. பள்ளிவாசல் மதிலோரம் நம் கையாலேயே நட்ட கன்றுக்கு வேலி போடத் தவறினோம். மூன்றாம் நாள் ஓர் ஆடு தின்றுவிட்டது. முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்பது ஸதகாவாகும் என்றல்லவா ஹதீஸ் இருக்கிறது, கவலை வேண்டாம் ஹஜ்ரத் என்று ஒரு நண்பர் ஆறுதல் கூறினார். ஹதீஸ் உண்மை. ஆனால் வேலியும் தண்ணீரும் மறந்தவர்கள் அந்த ஹதீஸின் நிழலில் ஒளிந்துகொள்ளக் கூடாது. அறிவித்தவர் நாமே, தொடராமல் விட்டவரும் நாமே. ஆகவே இம்முறை விழாவும் இல்லை, பொன்னாடையும் இல்லை.

இம்முறை நம்மை இத்திட்டத்தின்பால் தூண்டியது கன்று அல்ல, சந்தை. அதன் பின்னணியைச் சொல்லவேண்டும். சென்ற ரமலானில் ஃபித்ரா அரிசிக்கான பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, கணவரை இழந்த ஒரு சகோதரி தம் மகனை அனுப்பி ஒரு செய்தி கூறினார். அவர் வீட்டுக் கொல்லையில் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் போட்டிருக்கிறார். விளைந்தால் விற்க வழியில்லை. கடைக்குக் கொண்டுபோனால் கட்டுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம்; தெருத்தெருவாகக் கூவி விற்கவோ அவருக்கு இயலவில்லை. "ஹஜ்ரத், அரிசிப் பட்டியலில் என் பெயர் இருக்கட்டும், ஆனால் உட்கார்ந்து விற்க ஓர் இடம் இருந்தால் அடுத்த வருடம் எடுத்துவிடலாம்" என்று சொல்லச் சொன்னாராம். அன்றிரவு தராவீஹ் தொழவைக்கும்போதும் அந்தச் சொல் நம்மை விட்டு அகலவில்லை.

காரணம், அது நமக்குப் பழக்கமான ஒரு சொல்லின் எதிரொலியாக இருந்தது. மக்காவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள் நபி (ஸல்) அவர்கள். ஸஅத் தம் செல்வத்தில் சரிபாதியை எடுத்துக்கொள்ளுமாறு வற்புறுத்தினார். அப்துர் ரஹ்மான் அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழியைக் காட்டுங்கள் என்றுதான் கேட்டார். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று அவர் தொடங்கிய வாழ்க்கையின் மறுபக்கம் நீங்கள் அறிந்ததே. ஆண்டுதோறும் நம் ஜமாஅத் ஸஅத் அவர்களின் பாத்திரத்தை ஓரளவேனும் செய்து வருகிறது. வழி காட்டுங்கள் என்று கேட்பவருக்கு நாம் இதுவரை எந்தச் சந்தையைக் காட்டியிருக்கிறோம்?

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் பள்ளிவாசலுக்கு அடுத்து முஸ்லிம்களுக்கென ஒரு சந்தையையும் ஏற்படுத்தினார்கள். அதில் வரி விதிக்கப்படவில்லை. எவருக்கும் நிலையான கடை ஒதுக்கப்படவுமில்லை. தொழுகை வரிசையைப்போல முந்தி வந்தவர் முந்திய இடத்தில் அமர்வார், அவ்வளவே. நம் மாநிலத்தில் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தையும் ஏறத்தாழ இதே நோக்கமுடையதுதான். விளைவிப்பவரே இடைத்தரகர் இன்றி விற்கிறார். விலைப்பட்டியல் பலகையில் எழுதப்படுகிறது. விவசாயி என்பதற்கு அடையாள அட்டை வழங்கப்படுகிறது. ஆனால் நான்கு கட்டுக் கீரையும் இரண்டு சுரைக்காயும் வைத்திருக்கும் நம் சகோதரி, அதற்காகப் பேருந்தேறி நகரத்து உழவர் சந்தைக்குப் போய்வருவது கட்டுப்படியாகாது. நமக்கு வேண்டியது நடந்துபோகும் தூரத்தில், வாரத்தில் ஒரு காலைப்பொழுது.

இடம் எது என்ற கேள்வி எழுந்தவுடன், பள்ளிவாசல் முற்றமே போதுமே என்றார்கள் சிலர். கூடாது என்றோம். பள்ளிவாசலுக்குள் விற்பதையும் வாங்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். முற்றம் பள்ளிக்குள் சேர்ந்ததா இல்லையா என்று தர்க்கம் செய்துகொண்டிருப்பதைவிட விலகியிருப்பதே பேணுதல். பள்ளிக்குப் பக்கத்திலுள்ள வக்ஃப் மனையோ வக்ஃபின் வருவாய்க்குரியது. அதை நம் விருப்பத்திற்கு இலவசமாகக் கொடுக்க நிர்வாகத்துக்கே உரிமையில்லை. இந்நிலையில், கஜாவில் தென்னைகளை இழந்த ஒரு சகோதரர், தம் காலி மனையை ஞாயிற்றுக்கிழமைகளில் ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஒன்பது மணி வரை பயன்படுத்திக்கொள்ள முன்வந்திருக்கிறார். தம் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. வெள்ளிக்கிழமை வைத்தால் கூட்டம் சேரும் என்ற யோசனையும் வந்தது. ஜும்ஆ பாங்குக்குப் பின் வியாபாரத்தை விட்டுவிடுமாறு குர்ஆன் கட்டளையிடுகிறது. தராசைக் கையில் வைத்துக்கொண்டு பாங்கை எதிர்நோக்கும் சோதனை நமக்கு வேண்டாம்.

சென்ற மாதம் நம் கடைத்தெருவில் காய்கறிக்கடை நடத்தும் சகோதரர் ஒருவர் மஃக்ரிபுக்குப் பின் நம்மைத் தனியே சந்தித்தார். அவர் குரலில் கோபமில்லை, வருத்தம் இருந்தது. "நானும் இந்த ஜமாஅத்துக்குச் சந்தா கட்டுகிறவன்தான் ஹஜ்ரத். ஜமாஅத்தே சந்தை வைத்தால் என் கடை என்னாவது?" என்றார். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. ஒருவருக்கு நன்மை செய்யப்போய் மற்றொருவருக்குத் தீங்கிழைப்பது நம் மார்க்கத்தில் இல்லை. அவரோடு அமர்ந்து இரண்டு மூன்று நாட்கள் பேசினோம். அவருடைய வியாபாரத்தின் முதுகெலும்பு வெங்காயமும் உருளைக்கிழங்கும் தக்காளியும் என்பது தெரியவந்தது. நம் கொல்லைகளில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளையப்போவதில்லை. அவருக்குத் தொல்லையாக இருப்பது கீரை. லாரியில் வாடி வருகிறது, மாலைக்குள் பாதியை எறிய நேரிடுகிறது. ஆகவே ஞாயிறன்று மீந்த கீரையை அவர் நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்வதென்றும், வெளியூரில் வாங்கிய சரக்கு எதுவும் நம் சந்தையில் விற்கப்படாதென்றும் உடன்பாடாயிற்று. இந்த உடன்பாட்டை மீறி, உங்களில் எவரேனும் மொத்தச் சந்தையில் மூட்டையாக வாங்கிவந்து கொல்லைக் காய் என்று விற்பாராயின், அவர் அந்தச் சகோதரருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் துரோகம் செய்தவராவார்.

விலையை ஜமாஅத் நிர்ணயிக்க வேண்டுமென்ற கருத்தையும் நாம் ஏற்கவில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு தோழர்கள் வேண்டியும் நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். யாருக்கும் அநீதி இழைத்தவனாக இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். அன்றைய கடைத்தெரு விலையைப் பலகையில் எழுதிவைப்போம். அதன்பின் விற்பவரும் வாங்குபவரும் பொருந்திக்கொள்ளட்டும். ஆனால் எடையில் விட்டுக்கொடுத்தல் கிடையாது. அரசு முத்திரை பெற்ற தராசு ஒன்று பொதுவில் இருக்கும். அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைப் பற்றி ஒரு ஸூராவே இறங்கியிருப்பதை அல்ஹம்து ஸூராவுக்கு அடுத்தபடி மனனம் செய்யவேண்டிய வியாபாரிகளாக இனி நாமெல்லோரும் ஆகப்போகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலொன்றில் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியும் உங்களுக்குத் தெரியும். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். கீரைக்கட்டின் நடுவில் முற்றிய தண்டைச் செருகுவதும், முந்தாநாள் பூச்சிமருந்து தெளித்துவிட்டு இயற்கைக் காய் என்று சொல்வதும் இந்த ஈரத் தானியத்தின் வகையே. மருந்து அடித்திருந்தால் அடித்தேன் என்று சொல்லுங்கள். பூச்சி கடித்த இலையோடு கீரை வந்தால் வாங்குபவர் முகம் சுளிக்காமலிருப்பதும் வேண்டும். வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு நீரில் கலந்து தெளித்தாலே வீட்டுத் தோட்டத்தின் அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் பெரும்பாலும் போதுமானது.

சாணத்தைப் பற்றிப் பல தாய்மார்கள் கேட்டனுப்பினார்கள். நஜீஸான பொருளை இட்டு வளர்த்த காய் ஆகுமா? ஆகும். அதில் விளைந்த காயும் கீரையும் தூய்மையானவையே. மேலே பட்டிருந்தால் கழுவிக்கொண்டால் போதும். ஹனஃபி மத்ஹபில் சாணத்தை விற்பதும் கூடும். ஷாஃபிஈ மத்ஹபில் உரமாகப் பயன்படுத்தலாமே தவிர விற்பனை செல்லாது. ஆகவே ஷாஃபிஈ சகோதரர்கள் தம்மிடமுள்ளதன் உரிமையை விட்டுக்கொடுத்து, கூலிக்கும் வண்டிக்கும் மட்டும் பணம் பெறும் முறையைக் கைக்கொள்ளலாம். எப்படியாயினும் பச்சைச் சாணத்தை இடவேண்டாம். நன்கு மக்கிய பின்னரே இடவேண்டும். இல்லையேல் செடியின் வேர் கருகும், கரையானும் சேரும்.

தண்ணீர் விஷயத்தில் பள்ளிவாசலே முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள். மத்ஹபுகளின் கணக்கு சற்று வேறுபட்டாலும் அது ஏறத்தாழ ஒரு லிட்டரைத் தாண்டாது. நம் குழாய்களில் முகம் கழுவி முடிக்குமுன்பே அதைப்போல் சில மடங்கு ஓடிவிடுகிறது. ஓடிய நீர் தெருச் சாக்கடையில் கலக்கிறது. உளூச் செய்த நீரால் மீண்டும் உளூச் செய்ய இயலாதே தவிர, அது நஜீஸ் அல்ல; செடிக்கு விடுவதில் எத்தடையும் இல்லை. சோப்பும் கலவாத நீர். உளூக்குழாய் வடிகாலை மேற்குப்புற வெற்றிடத்திற்குத் திருப்பி, அங்கே வாழையும் ரம்பையும் புதினாவும் வைக்க நிர்வாகம் இசைந்துவிட்டது. குழாய்ச் செலவை ஒருவர் ஏற்றுக்கொண்டார்.

புதினாவை ஏன் குறிப்பிட்டோம் என்றால், நோன்புக் கஞ்சிக்காக. முப்பது நாட்களும் புதினா, மல்லித்தழை, பச்சைமிளகாய், ரம்பை இலை ஆகியவற்றை நாம் கடையில் வாங்குகிறோம். கடைத் தண்டை ஊன்றினாலே புதினா பிடித்துக்கொள்ளும்; பாதி நிழலும் விடாத ஈரமும் இருந்தால் தழைக்கும். ரமலான் இவ்வாண்டுகளில் மாசி மாதத்தை ஒட்டி வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் களிமண் பூமியில் நீர் தேங்கி நாற்று அழுகும். ஆகவே மழைக்காலத்தில் சாக்குப்பையிலோ உடைந்த வாளியிலோ நாற்றுவிட்டு, மழை ஓய்ந்தவுடன் மேட்டுப்பாத்தியில் நடவேண்டும். கத்தரி நாற்று நடும் பருவத்திற்கு வர ஒரு மாதத்துக்கு மேலாகும். வெண்டையை நேரடியாக ஊன்றலாம். ஒன்றரை மாதத்தில் காய்க்கும். முளைக்கீரை மூன்று நான்கு வாரங்களில் பறிப்புக்கு வரும். முதன்முறை செய்பவர் கீரையில் தொடங்குவதே நலம். தோல்வி வந்தாலும் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். விதை நாட்டு விதையாக இருக்கட்டும். வீரிய ஒட்டுரகத்தின் காயிலிருந்து எடுத்த விதை அடுத்த முறை அதேபோல் விளையாது. ஆண்டுதோறும் கடையில் வாங்கவேண்டிவரும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். ஜகாத் நிதியிலிருந்து இச்சந்தைக்குக் கொட்டகையோ பலகையோ தராசோ வாங்க இயலாது. ஜகாத் உரியவரின் கையில் உடைமையாகச் சேரவேண்டிய பொருள். ஜகாத் பெறத் தகுதியுள்ள சகோதரி, தமக்குக் கிடைத்த பணத்தில் விதையும் மண்வெட்டியும் வாங்கினால் அது அவர் விருப்பம், அவர் சொத்து. பொதுச் செலவுகளுக்கு நன்கொடைதான் வழி. கொல்லை விளைச்சலுக்கு ஜகாத் உண்டா என்று கேட்டவருக்கும் பதில் சொல்லிவிடுகிறோம்: ஷாஃபிஈ மத்ஹபில் காய்கறிக்கு இல்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் காய்கறிக்கும் உஷ்ரு உண்டு என்பார்கள். எனினும் குடியிருக்கும் வீட்டின் முற்றத்து விளைச்சலுக்கு அது இல்லை. அண்டைவீட்டுக்கு ஒரு பிடி கொடுப்பதை இச்சட்டம் தடுக்கவில்லை.

விற்க உட்காரும் பெண்களைப் பற்றி ஏதேனும் சொல்லவேண்டுமா என்று தலைவர் கேட்டார். ஆண்களுக்குத்தான் சொல்லவேண்டும். பேரம் பேசுவதில் அடக்கம் வேண்டும். ஒரு சகோதரி தாமே விற்பதற்குக் கூச்சப்பட்டால், அவர் பொருளைப் பெயர்ச்சீட்டுடன் பெற்று விற்றுத்தர இளைஞர் இருவர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். அவர்கள் கமிஷன் எடுக்கமாட்டார்கள். கணக்கை அன்றைய லுஹருக்குள் ஒப்படைப்பார்கள்.

இப்போதைக்கு இருபது வீடுகள் போதும். அதற்கு மேல் பெயர் கொடுத்தாலும் அடுத்த பருவத்துக்குத்தான் எடுத்துக்கொள்வோம். பெயர் கொடுத்த வீடுகளைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை இருவர் சென்று பார்ப்பார்கள். வாடியதை வாடியது என்றே பதிவேட்டில் எழுதுவார்கள். ஆடு தின்றதையும் எழுதவேண்டும். அப்பதிவேடு அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்குக்கு முன்பாக வாசிக்கப்படும். பட்டியலின் முதல் பெயராக நம் குடும்பத்தின் பெயரைக் கொடுத்திருக்கிறோம். இமாம் வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தளத்தின் ஒரு பகுதியை உடைக்க நிர்வாகத்திடம் அனுமதியும் கேட்டிருக்கிறோம்.

மற்றவர்கள் இன்று இஷாவுக்குப் பின் செயலாளரிடம் பெயர் பதியலாம். தாய்மார்கள் மேல்மாடி வாசலில் வைத்திருக்கும் நோட்டில் எழுதலாம். வரும்போது வீட்டிலுள்ள பழைய சாக்குகளைக் கொண்டுவந்தால் நாற்றுக்கு உதவும்.

வஸ்ஸலாம்.